கேலிக்கூத்து வசைச்சொல்லா?

ஒரு கூட்டம் குழப்பத்தில் முடிந்தால், 'கேலிக்கூத்தாகிவிட்டது' என்று எழுதிவிடுகிறோம். ஒரு நாடக வகையின் பெயரே நம்மிடம் வசைச்சொல்லாகிவிட்டது. துன்பியல் என்றால் இலக்கியம், கேலிக்கூத்து என்றால் வெறும் பொழுதுபோக்கு என்பது நம் அறிஞர் பலரின் தீர்ப்பு. அத்தீர்ப்பை நான் மறுக்கிறேன்.

1970ஆம் ஆண்டு இலண்டன் காரிக் அரங்கில், மைக்கேல் ஃபிரெய்ன் எழுதிய 'தி டூ ஆஃப் அஸ்' என்னும் நான்கு குறுநாடகங்களின் தொகுப்பு மேடையேறியது. நடித்தவர் இருவரே: லின் ரெட்கிரேவ், ரிச்சர்ட் பிரையர்ஸ். அவற்றுள் 'சைனாமென்' என்பது ஒரு விருந்தின் கதை. பிரிந்துவிட்ட கணவனையும் மனைவியையும் அறியாமல் ஒரே விருந்துக்கு அழைத்துவிட்ட தம்பதியர் படும் பாடே அது. ஐந்து பாத்திரங்களையும் அவ்விருவரே ஏற்றனர். ஒரு கதவால் ஒருவராக வெளியேறி, மறு கதவால் வேறொருவராக நுழைய வேண்டும். இடையில் கிடைப்பவை சில நொடிகளே.

இந்த ஓட்டத்தைப் பக்கத் திரைக்கு அப்பாலிருந்து கண்ட ஃபிரெய்னுக்கு, அரங்கின் முன்னிருந்து காண்பதைவிட அதுவே அதிக நகைப்பை ஊட்டியது. அந்த வித்து 1982இல் 'நாய்ஸஸ் ஆஃப்' என்னும் முழு நாடகமாக விளைந்தது. அதன் இரண்டாம் அங்கத்தில் நாம் காண்பது மேடையின் பின்புறத்தை. காதலாலும் பொறாமையாலும் நடிகர்கள் ஒருவரையொருவர் அடிக்கப் பாய்கிறார்கள். ஆனால் மறுபுறம் நாடகம் நடந்துகொண்டிருப்பதால் வாய்விட்டுக் கத்த இயலாது. சண்டை பெரும்பாலும் சைகையிலேயே நடக்கிறது. நுழையும் நேரம் வந்ததும் எதையும் விட்டுவிட்டு மேடைக்கு ஓடுகிறார்கள்.

இதையா முறைகேடு என்கிறோம்? துன்பியலில் நடிகர் ஒரு கணம் தயங்கினால், அதைத் துயரத்தின் ஆழம் என்று கொள்வோம். கேலிக்கூத்தில் கதவு ஒரு கணம் தாமதித்துத் திறந்தால் சிரிப்பு செத்துவிடும். குழப்பத்தைக் காட்டுவதற்கே இம்மியும் பிசகாத ஒழுங்கு வேண்டியிருக்கிறது.

'உழைப்பு இருக்கலாம், உட்பொருள் உண்டா?' என்று கேட்பார்கள். உள்ளே வாழ்வு சிதறிக் கிடக்கையிலும், முகத்தைத் திருத்திக்கொண்டு உரிய நேரத்தில் பிறர்முன் வந்து நிற்கும் மனிதனைவிடச் சிறந்த உட்பொருள் எது? இதே ஃபிரெய்ன் 1998இல் போர், ஹைசன்பர்க் என்னும் இரு அறிவியலாரின் சந்திப்பைக் 'கோபன்ஹேகன்' என்ற நாடகமாக்கினார். அதனை உலகம் வணங்கி ஏற்றது. அதை எழுதிய அறிவு, இதை எழுதும்போது உறங்கிக்கொண்டா இருந்தது? எண்வகை மெய்ப்பாடுகளை வகுத்த தொல்காப்பியர் நகையைத்தானே முதலில் வைத்தார்!

அயல்மொழி நகரங்களில் வாழும் நமக்கு இவ்வழக்கு அயலானதன்று. அலுவலகத்தில் ஒரு மொழி, அங்காடியில் ஒரு மொழி, வீட்டில் ஒரு மொழி என்று கதவுக்குக் கதவு வேடம் மாற்றுகிறோம். நம் ஆண்டு விழாக்களிலோ, ஆள் போதாமல் இரு வேடம் தாங்கிய அன்பர், ஒப்பனை கலையாமலே மறுபுறம் ஓடுகிறார். அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டு, பரிசை மட்டும் கண்ணீர் நாடகத்துக்கே கொடுத்துவருகிறோம். வரும் ஆண்டின் நடுவர்களேனும் பக்கத் திரைக்குப் பின்னால் ஒருமுறை நின்று பார்த்துவிட்டுத் தீர்ப்பு எழுதட்டும்.