விலை இன்பொக்ஸில், அளவு எங்கேயும் இல்லை

போன கிழமை எங்கட பட்ச் வட்ஸ்அப் குழுவில் ஒரு விளம்பரம் வந்தது. "ஒரிஜினல் பிராடா பிரேம். கனடாவில இருந்து வந்தது. ஒண்டு ரெண்டு தரம்தான் போட்டது. விலை இன்பொக்ஸ்." கூடவே நாலு படம். நாலிலும் பேர் பொறித்த இடம்தான் பெரிதாகத் தெரிந்தது. ஒரு பிள்ளை கீழே கேட்டிருந்தாள்: "சைஸ் என்ன?" பதில் வந்தது: "ஃப்ரீ சைஸ்தான், எல்லாருக்கும் அளவா இருக்கும்."

செருப்பை இப்படி ஒருத்தர் விற்றால் பகிடி பண்ணுவோம். கண்ணாடியை விற்றால் முன்பணம் போடுகிறோம்.

இந்த வியாபாரத்தை ஏசத்தான் இதை எழுதுகிறேன். ஏசுகிற ஆளும் அதைச் செய்தவன்தான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரெண்டு வருசத்துக்கு முதல் ஸ்காபரோவில இருக்கிற மாமி அனுப்பிய பெட்டியில் சொக்லேட், சம்பூ, பழைய குளிர் ஜக்கெட் எல்லாவற்றுக்கும் அடியில் ஐந்து பிரேம் கிடந்தது. மாமிக்கு வேலையிடத்துக் காப்புறுதியில் ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா புதுக் கண்ணாடி. பழசை எறிய மனமில்லாமல் சேர்த்து வைத்து, "ஆருக்கும் குடு மோன்" என்று எழுதி அனுப்பியிருந்தா. நான் குடுக்கவில்லை, இன்ஸ்டாவில் போட்டு விற்றேன். மூன்று போனது. ஆகக் கூடிய விலைக்குப் போனதுக்கு 18,000 ரூபா.

அந்தப் பதினெட்டாயிரத்தைத் தந்தவள் எங்கட பீடத்திலேயே ஒரு ஜூனியர் பிள்ளை. அவளுக்கு ரெண்டு கண்ணிலும் மைனஸ் ஆறு. நான் விற்ற பிரேமின் உட்பக்கத்தில் 58, பக்கத்தில் ஒரு சின்னச் சதுரம், பிறகு 16, பிறகு 140 என்று இருந்தது. எனக்கு அது மொடல் நம்பர் மாதிரித்தான் தெரிந்தது. பிளாஸ்டிக்கின் மேல் ஒரு வெள்ளை பூத்த மாதிரி இருந்தது. தேங்காய் எண்ணெய் பூசித் துடைத்தேன், படத்தில் பளபளவென்று வந்தது. அவள் லென்ஸ் போடக் கொண்டுபோன கடையில், சொந்த பிரேம் என்றபடியால் உடைந்தால் பொறுப்பில்லை என்று பற்றுச்சீட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். லென்ஸ் போட்ட பிறகு அந்தக் கண்ணாடி மூக்கில் நிற்கவில்லை. ஓரத்தில் சோடாப் போத்தலின் அடி மாதிரித் தடிப்பு. மூன்றாம் கிழமை இறுக்கித் தரச் சொல்லிக் கொண்டுபோனாள். சூடாக்கியபோது மூக்குப் பாலத்தில் வெடித்தது.

காசைத் திருப்பித் தா என்று அவள் கேட்கவில்லை. "அண்ணா, இதை ஒட்ட ஏலுமா?" என்றுதான் கேட்டாள். அரைவாசிக் காசைக் குடுத்தேன், மிச்சம் செலவாகிப் போயிருந்தது. அந்த செமஸ்டர் சோதனையை அவள் ஏ.எல். காலத்துக் கண்ணாடியோடு எழுதினாள், முன் வரிசையில் இடம் கேட்டு.

பிறகுதான் அந்த எண்களைப் பற்றித் தேடினேன். விற்க முதல் தேடியிருக்க வேண்டும். 58 என்பது ஒரு லென்ஸின் அகலம், மில்லிமீற்றரில். 16 மூக்குப் பாலம். 140 காதுக்குப் போகிற காலின் நீளம். முதல் ரெண்டையும் கூட்டினால் 74. அவளுடைய ரெண்டு கண்மணிக்கும் இடையில் உள்ள தூரம் 60. அதாவது ஒவ்வொரு லென்ஸின் மையத்தையும் ஏழு மில்லிமீற்றர் மூக்குப் பக்கம் தள்ளி வெட்ட வேண்டும். மைனஸ் லென்ஸ் நடுவில் மெல்லிசு, ஓரத்துக்குப் போகப் போகத் தடிப்பு. மையத்தை உள்ளே தள்ளினால் வெளிப்பக்கம் மிஞ்சுகிறது, மிஞ்சுகிற இடம்தான் ஆகத் தடித்த இடம். அவளுக்கு 48, 50 அகலத்தில் ஒரு சின்ன பிரேம் இருந்திருந்தால், எந்தப் பேரும் இல்லாத பிரேமாக இருந்தாலும், மூக்கில் நின்றிருக்கும். அந்த வெள்ளைப் பூச்சும் ஊத்தை இல்லை. அசிட்டேட் என்ற அந்தப் பிளாஸ்டிக்கை இளகலாக வைத்திருக்கச் சேர்க்கும் பொருள் காலம் போகப் போக வெளியேறிவிடும். மிஞ்சுவது காய்ந்த பிளாஸ்டிக், சூடு பட்டால் வெடிக்கும். நான் எண்ணெய் பூசி மறைத்தது அதைத்தான்.

இப்ப அந்தப் பேருக்கு வருவோம், ஏனென்றால் பதினெட்டாயிரமும் பேருக்குத்தான் போனது. பிராடா என்று எழுதிய கண்ணாடியை பிராடா செய்வதில்லை. சனெல் கண்ணாடியையும் சனெல் செய்வதில்லை. ரெண்டுக்கும் உரிமம் எடுத்துச் செய்வது லக்சோட்டிக்கா. 1961இல் இத்தாலியில் அகோர்தோ என்ற மலையூரில் தொடங்கிய கம்பனி. 1999இல் ரேபானை வாங்கி, மலிவுக் கடைகளில் இருந்து இழுத்தெடுத்து, விலையை ஏற்றியது. ஓக்லியோடு தகராறு வந்தபோது தன் கடைகளில் அதை ஒதுக்கியது, ஓக்லியின் பங்கு விலை விழுந்தது, 2007இல் ஓக்லியையே வாங்கிவிட்டது. 2018இல் லென்ஸ் செய்யும் பிரெஞ்சுக் கம்பனி எசிலோரும் அதோடு ஒன்றானது. குச்சி இன்னொரு கதை (சிரிக்காதேங்கோ, அந்தக் கம்பனியின் பேரே அதுதான்). 2016 வரை அதன் கண்ணாடிகளைச் செய்தது சஃபிலோ, பிறகு வேறு கம்பனி. பேர் அதேதான், செய்யும் தொழிற்சாலை மாறிவிட்டது. இதெல்லாம் தெரியாமல்தான் "ஒரிஜினல்" என்ற சொல்லை ஆயிரக்கணக்கான ரூபாவுக்கு விற்கிறோம். பேருக்கான காசை மாமியின் காப்புறுதி எப்போதோ கட்டிவிட்டது. அதே பேருக்கு இன்னொரு தரம் ஒரு மாணவியிடம் வாங்கியது நான்.

அதுவும் ஒரிஜினலாக இருந்தால்தான் இந்தக் கதை. வன் கோல்பேஸ் பக்கம் போட்டோ எடுத்துப் போடுகிற பக்கங்களில் வருவதில் எத்தனை உண்மை என்று படத்தைப் பார்த்துச் சொல்ல ஏலாது. பேரைப் பொறிப்பது ஒரு பிரேமில் செய்யக்கூடிய ஆக லேசான வேலை. நல்ல பிணைச்சல் செய்வது கஷ்டம். ஆனால் பிணைச்சலின் படத்தை ஒருத்தரும் போடுவதில்லை.

"நீ சொல்லுறது சரி மச்சான், ஆனா இது சூழலுக்கு நல்லம்தானே?" என்று ஒரு நண்பன் கேட்டான். அவனும் விற்கிறான், அவன்ர பக்கத்தின் பேரில் 'ப்ரீலவ்ட்' இருக்கிறது. குப்பைக்குப் போகவேண்டியதை இன்னொருத்தர் போட்டால் நல்லம்தான். என்ர பிரேம் எங்கே போனது? மாமி வீட்டுக் குப்பைக்குப் பதிலாக எங்கட ஊர்க் குப்பைக்கு, ஒரு சோடி புது லென்ஸையும் சேர்த்துக்கொண்டு. இதில் என்ன சூழல்?

இன்னொரு பக்கத்தில் பெரியாக்கள் இருக்கிறார்கள். "படிக்க வந்த பிள்ளையளுக்கு எதுக்கு பிராண்ட் கண்ணாடி? ஆரோ செத்த ஆக்கள் போட்டதையெல்லாம் போடுறியள்." இவர்களோடும் நான் இல்லை. காலமை எழும்பியதில் இருந்து படுக்கும் வரைக்கும் முகத்தின் நடுவில் இருக்கிற பொருள் அது. வடிவாக இருக்க வேண்டும் என்று நினைப்பதில் ஒரு பிழையும் இல்லை. பள்ளிக்கூடத்தில் "சோடாப்புட்டி" என்று கூப்பிடப்பட்ட எவரும் இதை விளங்கிக்கொள்வார்கள். பாவித்த பிரேமிலும் பிழை இல்லை. 2022இல் டொலர் இருநூறு ரூபாவில் இருந்து சில மாதத்தில் 360ஐத் தாண்டிய பிறகு, ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் சும்மா கிடைத்த துண்டை வைத்துக்கொண்டு கண்ணாடிக்கடை வாசலில் நின்று கணக்குப் பார்த்த குடும்பங்கள் எங்கட வீடுகள்தான். ஒரு நல்ல பழைய உலோக பிரேம், புது மூக்குத் தாங்கி ரெண்டும் புது ஆணியும் போட்டால், கடையில் கிடைக்கும் மலிவுப் பிரேமை விடக் கனகாலம் உழைக்கும். அந்த வசதிக்காகத்தான் கேட்கிறேன்: கண்ணாடியைக் கண்ணாடியாக விற்க உங்களுக்கு ஏன் கஷ்டம்?

உள்ளே இருக்கிற மூன்று எண்ணையும் எழுதுங்கோ. அழிந்துபோயிருந்தால் அடிமட்டம் வைத்து அளவுங்கோ. பிணைச்சலைத் திறந்து கிட்டத்தில் படம் எடுங்கோ. வெள்ளை பூத்திருந்தால் எண்ணெய் பூசாமல் அப்படியே காட்டுங்கோ. லென்ஸ் போடும்போது வெடித்தால் காசில் எவ்வளவு திருப்பித் தருவீர்கள் என்று விளம்பரத்திலேயே சொல்லுங்கோ. ஒரிஜினல் என்று நிச்சயமாகத் தெரியாவிட்டால் அந்தச் சொல்லை எழுதாதேங்கோ. விலையை வெளியில் போடுங்கோ, இன்பொக்ஸில் ஆளைப் பார்த்து விலை சொல்லுகிற பழக்கம் சந்தையில் மீன் விற்கிற அம்மாவிடம் கூட இல்லை. வாங்குகிற ஆக்களுக்கும் ஒன்று: உங்களிடம் இப்ப இருக்கிற, அளவாக நிற்கிற கண்ணாடியின் உட்பக்கத்தைப் பாருங்கோ. அந்த எண்களுக்குக் கிட்ட இல்லாத பிரேமை, எந்தப் பேர் எழுதியிருந்தாலும், விடுங்கோ.

மாமியின் பெட்டியில் வந்ததில் ரெண்டு இன்னும் மேசை லாச்சியில் கிடக்கிறது. ஒன்று 56, வெள்ளை பூத்தது, அதை நான் ஒருத்தருக்கும் குடுக்கப் போவதில்லை. மற்றது உலோகம்: 49, 20, 140. இடப்பக்கப் பிணைச்சல் கொஞ்சம் தளர்வு, மூக்குத் தாங்கி ரெண்டும் மஞ்சள், மாற்ற வேண்டும். அந்த ஜூனியரிடம் முதலில் கேட்டேன். கண்ணாடிக்கடையில் காட்டிவிட்டுச் சொல்லுகிறேன் என்றாள்.