மணலுக்குப் பயந்து வண்டியை வெட்டலாமா?

பழவேற்காடு பாலத்தைத் தாண்டி லைட்ஹவுஸ் குப்பம் பக்கம் போகிறவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. தார்ச்சாலையை விட்டு இறங்கிய பிக்கப் வண்டி ஒன்று, பின் சக்கரம் பாதி புதைந்து, மணலில் நின்று உறுமிக்கொண்டிருக்கும். நாலு பேர் தள்ளுவார்கள். ஒருவர் டிராக்டர் தேடி ஓடுவார். பெட்டியில் ஐஸ் கரைந்துகொண்டிருக்கும். ஏரிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் இந்த மணல்திட்டில் மீன் ஏற்றுகிறவருக்கும், கடலோர மணலில் சவுக்குக் கட்டை ஏற்றுகிற சிறு விவசாயிக்கும் தொல்லை ஒன்றேதான்.

இதற்கு ஒரு யோசனை சொல்லப்படுவதுண்டு. நீளத் தொட்டி உள்ள பழைய பிக்கப்பை மலிவாக வாங்கி, சேஸிஸை நடுவில் இரண்டடி அறுத்தெடுத்து ஒட்டிவிட்டால், வண்டி ஜீப் மாதிரி எங்கும் ஏறி இறங்கும் என்பது அந்த யோசனை. அமெரிக்காவில் பாறைக் காடுகளில் பொழுதுபோக்குக்காக வண்டி ஓட்டுகிறவர்கள் இப்படிச் செய்கிறார்கள். அவர்களுக்கு அது விளையாட்டு. வண்டி கெட்டால் வேறு வண்டியில் வீடு போவார்கள். ஒரே வண்டியை நம்பிப் பிழைக்கிறவர் அதைப் பார்த்துச் செய்யலாகாது.

முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையிலுள்ள தூரத்தை வீல்பேஸ் என்கிறார்கள். அது குறைந்தால் லாபமே இல்லை என்று சொல்ல முடியாது. குறுகலான தோப்புப் பாதையில் வண்டி சுலபமாகத் திரும்பும். வாய்க்கால் கரையோ பெரிய வரப்போ ஏறும்போது வயிறு தட்டாது. ஆனால் எவ்வளவு லாபம் என்று கணக்குப் பார்க்க வேண்டும். வீல்பேஸ் 3000 மில்லிமீட்டர், வயிற்றுக்கும் தரைக்கும் இடைவெளி 200 மில்லிமீட்டர் என்றால், சுமார் 15 டிகிரி முறிவுள்ள மேட்டை வண்டி தட்டாமல் தாண்டும். இரண்டடி, அதாவது 600 மில்லிமீட்டர் வெட்டினால் இது 19 டிகிரி ஆகும். வெட்டாமல் வயிற்றை இரண்டு அங்குலம் உயர்த்தினாலும் அதே 19 டிகிரிதான். (உயர்த்தவும் விதி உண்டு, பாரம் ஏற்றினால் கவிழும் பயமும் உண்டு, இது கணக்குக்காக மட்டும்.) அந்த நாலு டிகிரிக்காகச் சேஸிஸை அறுப்பதைவிட, அரை நாள் மண்வெட்டி பிடித்துக் கரையின் சரிவைத் தணிப்பது மலிவு.

குப்பத்து மணலிலோ வயிறு தட்டுகிற மேடே பிரச்சினையல்ல. சக்கரம் புதைவதுதான் பிரச்சினை. அதற்கும் வண்டியின் நீளத்துக்கும் சம்பந்தம் குறைவு. 2005ல் வந்த டாடா ஏஸ் வண்டியின் வீல்பேஸ் 2100 மில்லிமீட்டர். பழைய வில்லிஸ் ஜீப்புக்கு 80 அங்குலம், அதாவது 2032 மில்லிமீட்டர். இரண்டுக்கும் மூன்று அங்குலம்கூட வித்தியாசமில்லை. வெட்டாமலே குட்டையான அந்தச் சின்ன வண்டி, பாரத்தோடு மணலில் இறங்கினால் ஜீப்பைப் போலவா ஓடுகிறது? டயர் சிறியது, இழுப்பது பின் சக்கரம் இரண்டு மட்டும். ஜீப்புக்கு நாலு சக்கரமும் இழுக்கும்.

இன்னொரு உதாரணமும் உண்டு. ரால்ஃப் பாக்னோல்டு என்ற பிரிட்டிஷ் அதிகாரி 1940ல் எகிப்தில் ஒரு பாலைவனப் படையை அமைத்தார். அந்தப் படை லிபியாவின் மணற்கடலைத் தாண்டியது சுமார் பதினோரு அடி வீல்பேஸ் கொண்ட ஷெவர்லே லாரிகளில். அவற்றுக்குப் பின் சக்கர இழுவை மட்டுமே. டயரில் காற்றைக் குறைத்தார்கள். புதைந்தால் சக்கரத்தின் அடியில் இரும்புத் தகடும் பாயும் போட்டு ஏற்றினார்கள். யாரும் லாரியை வெட்டவில்லை.

காற்றின் கணக்கு எளிது. ஒரு சக்கரத்தின் மேல் 500 கிலோ பாரம் இருந்து, டயரில் 50 பவுண்டு காற்று இருந்தால், தரையைத் தொடும் இடம் ஏறக்குறைய 140 சதுர சென்டிமீட்டர். 25 பவுண்டாகக் குறைத்தால் 280. டயரின் விறைப்பால் இது சற்று மாறும். ஆனாலும் மணல் தாங்கும் பரப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடுகிறது. செலவு, ஒரு காற்று மீட்டரும் ஒரு பம்பும்.

வெட்டிய வண்டிக்கு வரும் கேடுகளோ பல. தொட்டியைக் குறைத்தால் பாரம் குறையும். எதற்காக நீள வண்டி வாங்கினாரோ அதுவே போய்விடும். தொட்டியைக் குறைக்காமல் சேஸிஸை மட்டும் குறைத்தால், பாரம் பின் அச்சுக்கு வெளியே தொங்கி முன் சக்கரத்தைத் தூக்கும். அப்போது ஸ்டியரிங் பிடி தளரும். புரொப்பெல்லர் ஷாஃப்டை வெட்டிச் சரியாகப் பாலன்ஸ் செய்யாவிட்டால் அது அதிர்ந்து ஜாயின்ட்டைத் தின்னும். பிரேக் குழாய், ஹாண்ட் பிரேக் கேபிள், ஒயரிங் எல்லாம் திருத்தியாக வேண்டும். பிரேக் போட்டால் மூக்கு அதிகமாகக் குத்தும். வண்டி மணலில் ஓடுவது கொஞ்ச தூரம். சரக்கோடு சென்னை வரை ஓடுவது தார்ச்சாலையில். கொஞ்ச தூரத்துக்காக மீதி தூரத்தைக் கெடுத்துக்கொள்வது எந்த ஊர் நியாயம்?

உப்புக் காற்றையும் மறக்கக் கூடாது. வெல்டிங் செய்த இடத்தில் சேஸிஸின் உட்புறப் பெயின்ட் எரிந்துவிடும். வெளியே புதுப் பெயின்ட் அடிக்கலாம். உள்ளே அடிக்க வழியில்லை. கடலோரத்தில் துரு அங்கிருந்துதான் தொடங்கும். வெளியே தெரியும்போது விரிசல் விட்டிருக்கும், பெரும்பாலும் பாரத்தோடு போகும்போது.

சட்டமும் இடம் தராது. வீல்பேஸ் பதிவுக் குறிப்பில் உள்ள விவரம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியைத் திருத்துவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தின்படி, மீறி மாற்றினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். எஃப்.சி.க்குப் போனால் பிரேக் இன்ஸ்பெக்டர் டேப் வைத்து அளந்தாலே போதும். விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸ் பணமும் சந்தேகம்.

வெட்டுக்கூலியும் வெல்டிங் கூலியும் கையில் இருக்கிறவர்கள், நாலைந்து பேராகச் சேர்ந்து ஒரு பழைய டிரெய்லர் வாங்கலாம். படகு இழுக்க வரும் டிராக்டரையே வாடகைக்குப் பூட்டி, பாரத்தை மணலிலிருந்து சாலை ஓரத்துக்குக் கொண்டுவந்தால் பிக்கப் மணலில் இறங்க வேண்டியதே இல்லை. குட்டை வண்டிதான் வேண்டுமென்பவர் நீள வண்டியை விற்றுவிட்டு, கம்பெனியிலேயே குட்டையாகச் செய்து வந்த நாலு சக்கர இழுவை வண்டியாகப் பார்த்து வாங்கட்டும்.

இறங்கியே தீர வேண்டிய நாளில், மணல் தொடங்குமுன் காற்றைப் பாதியாகக் குறைக்கவும். பாரத்தையும் பாதியாக்கி இரண்டு நடையாக எடுக்கவும். மெதுவாக, நிற்காமல், ஒடித்துத் திருப்பாமல் போகவும். ஒடித்தால் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். சக்கரம் சுழன்று குழி தோண்டத் தொடங்கியதும் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, முன்னால் உள்ள மணலை வாரி, பனை மட்டையோ பலகையோ கொடுத்து ஏற்றவும். தார்ச்சாலை ஏறியதும் முதல் வேலையாகக் காற்றைப் பழையபடி நிரப்ப வேண்டும். காற்றுக் குறைந்த டயர் பாரத்தோடு வேகமாக ஓடினால் சூடேறி வெடிக்கும்.