விடுமுறையில் ஒரு புதிர்

பள்ளி விடுமுறை விட்டதும் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆட்டத்தில் இறங்கிவிட்டார்கள். 1974-ல் அமெரிக்காவில் வெளிவந்த ஆட்டம் இது. ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் அதில் வீரர்களாக வருவார்கள். எடுத்த காரியம் பலிக்குமா என்பதைப் பகடை சொல்லும். கதை சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது!

முதல் நாள் குகைக் கதவுக்கு ஒரு விடுகதை போட்டேன். விடை தெரிந்த எனக்கு அது சுலபம். அரை மணியாகியும் கதவு திறக்கவில்லை. "எனக்கு மூளையே இல்லைம்மா" என்று சின்னவள் அழுதுவிட்டாள். எனக்கு மனசே கேட்கவில்லை.

மறுநாள் மாற்றினேன். கதவில் நான்கு கற்கள்: விதை, செடி, பூ, பழம். வளரும் வரிசையில் தொட்டால் திறக்கும். குறிப்பை மூன்று இடத்தில் வைத்தேன். "எதுவும் முளைச்சுத்தானே பூக்கணும்" என்பாள் ஊர்க் கிழவி. குகைச் சுவரில் முளைவிட்ட விதையின் படம். கதவின் மேல் 'பிறந்தபடி தொடு' என்ற எழுத்து. ஒன்றைக் கவனிக்காவிட்டாலும் இன்னொன்று கைகொடுக்கும். தப்பாகத் தொட்டால் ஒரு விளக்கு அணையும், அவ்வளவுதான். கதை நிற்காது.

சின்னவள் பழத்தை முதலில் தொட்டாள். "பழத்துக்குள்ளேதானேம்மா விதை இருக்கு?"

நான் நினைக்காத விடை! நியாயம்தானே? கதவைத் திறந்துவிட்டேன்.

நீங்களும் புதிர் போட்டால், உங்கள் விடையைவிட நல்ல விடை வரும்போது ஒப்புக்கொள்ளுங்கள், சகோதரிகளே. அன்று ராத்திரி சின்னவள் ஒரு தோசை கூடவே சாப்பிட்டாள்.