இ20 பெட்ரோலும் பழைய பைக்கின் பெட்ரோல் டியூப்பும்: ஆரணி வண்டிக்காரர்கள் கவனிக்க வேண்டியது என்ன?

பங்க்கில் நாம் இப்போது போடும் பெட்ரோலில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு எத்தனால். இது ரகசியம் இல்லை, மத்திய அரசே பெருமையாக அறிவித்த விஷயம்தான். ஆனால், டெல்லியில் எடுத்த இந்த முடிவின் கடைசி முனை பைக் டேங்க்குக்குக் கீழே இருக்கிறது. பெட்ரோல் டேப்பில் இருந்து கார்புரேட்டருக்குப் போகும் ஒரு சாண் நீள ரப்பர் டியூப்தான் அது. அந்த டியூப்பை யார் பார்ப்பது, யார் மாற்றுவது, அந்தச் செலவு யாருடையது என்பதைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை.

ஆரணி மாதிரி ஊருக்கு இது சின்ன விஷயம் இல்லை. சேவூர், முள்ளிப்பட்டு, ஒண்ணுபுரம், தேவிகாபுரம் என்று சுற்றுவட்டார ஊர்களில் தறி ஓடுகிறது. பாவும் பட்டு நூலும் ஜரிகையும் வாங்கிக்கொண்டு போவதும், நெய்து அறுத்த சேலையைக் கொண்டுவந்து கொடுப்பதும் பெரும்பாலும் டூவீலரில்தான். அதிலும் பல ஆண்டுகள் ஓடிய வண்டிகளே அதிகம். வண்டி ஒரு நாள் நின்றால் கூலியும் ஒரு நாள் தள்ளிப்போகும்.

இ20 எப்போது வந்தது?

பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்க 2018-ன் தேசிய உயிரி எரிபொருள் கொள்கை வைத்த இலக்கு 2030. பிறகு அது 2025-26 என்று முன்னுக்குக் கொண்டுவரப்பட்டது. 10 சதவீதக் கலப்பை 2022 ஜூனில் எட்டினோம். 2023 பிப்ரவரி 6-ம் தேதி பெங்களூருவில் பிரதமர் இ20 பெட்ரோலைத் தொடங்கிவைத்தார். 2025-ல் நாடு 20 சதவீதத்தை எட்டிவிட்டதாக அரசு அறிவித்தது.

வண்டிகளின் கணக்கு வேறு. 2023 ஏப்ரலில் இருந்துதான் இ20-ஐத் தாங்கும் ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களோடு புது வண்டிகள் வர ஆரம்பித்தன. அதற்கு முன்னால் வாங்கிய வண்டிகளில் பெரும்பாலானவை இந்த அளவு எத்தனாலை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை அல்ல. பெட்ரோல் மாறிவிட்டது, வண்டி மாறவில்லை. பிரச்சினையின் வேர் இந்த இடைவெளிதான்.

எத்தனால் ரப்பரை என்ன செய்யும்?

பழைய வண்டிகளின் பெட்ரோல் டியூப் பெரும்பாலும் நைட்ரைல் எனப்படும் ரப்பரால் ஆனது. வெறும் பெட்ரோலை அது நன்றாகத் தாங்கும். எத்தனால் கூடும்போது, ரப்பரின் தரத்தைப் பொறுத்து டியூப் ஊறி உப்பலாம். ரப்பரை வளைந்துகொடுக்க வைக்கும் சேர்மானங்களும் மெல்ல மெல்லக் கரைந்து வெளியேறும். வண்டியைச் சில வாரம் எடுக்காமல் விட்டால், உப்பிய டியூப் காய்ந்து சுருங்கும். அப்போது முதலில் விரிசல் விடுவது கிளிப் மாட்டியிருக்கும் இரண்டு முனைகளும்தான்.

இன்னும் இரண்டு விஷயம். எத்தனால் ஈரத்தை இழுக்கும். டேங்க் மூடியின் ரப்பர் போய் மழைத் தண்ணீர் உள்ளே இறங்கினால், எத்தனால் தண்ணீரோடு சேர்ந்து டேங்க்கின் அடியில் தங்கிவிடும். டேப் இழுப்பது அடியில் இருந்துதான். அப்புறம் வண்டி எப்படி ஸ்டார்ட் ஆகும்? அடுத்து, டேங்க்கில் பல வருடமாகப் படிந்த கசடை எத்தனால் கிளப்பிவிடும். அது ஃபில்டரிலும் கார்புரேட்டர் ஜெட்டிலும் போய் அடைக்கும்.

அதற்காக ஒழுகுகிற ஒவ்வொரு டியூப்புக்கும் இ20-தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. இன்ஜின் சூட்டிலும் வெயிலிலும் எட்டு, பத்து வருடம் கிடந்த ரப்பர் எந்தப் பெட்ரோல் போட்டாலும் வெடிக்கத்தான் செய்யும். ஏற்கெனவே வயதான ரப்பரை எத்தனால் கொஞ்சம் சீக்கிரமாகக் கைவிட வைக்கிறது என்பதே சரியான கணக்கு.

அரசு என்ன சொல்கிறது?

2025 ஆகஸ்ட்டில் சர்ச்சை பெரிதானபோது பெட்ரோலிய அமைச்சகம் விளக்கம் கொடுத்தது. இ20-ஆல் வண்டிகளுக்குப் பெரிய பாதிப்பு இல்லை என்பதே அதன் சாரம். அதோடு, சில பழைய வண்டிகளில் 20,000 முதல் 30,000 கிலோமீட்டர் ஓடிய பிறகு சில ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டுகளையும் மாற்ற வேண்டியிருக்கலாம், அது செலவு குறைவு, வழக்கமான சர்வீஸிலேயே செய்துவிடலாம் என்றும் அமைச்சகம் சொன்னது.

அதாவது ரப்பர் பாகம் போகலாம் என்பதை அரசே ஒப்புக்கொள்கிறது. மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு 20,000 கிலோமீட்டர் என்பது இரண்டு வருடம்கூட இல்லை. கேள்வி என்னவென்றால், இந்தத் தகவல் தேவிகாபுரத்தில் இருந்து பாவு மூட்டையோடு வருபவருக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதுதான். கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போவதை நிறுத்திப் பல வருடம் ஆன வண்டிகளே இவை. ‘டியூப் ஊறிடுச்சுண்ணே’ என்று மெக்கானிக் சொல்லும்போதுதான் பலருக்கு விஷயமே தெரியவருகிறது.

தறி வீட்டில் ஏன் கூடுதல் கவனம் வேண்டும்?

இடம் குறைவான வீடுகளில் இரவானால் வண்டியை நடைக்குள்ளோ முன்கூடத்திலோ ஏற்றி நிறுத்துவது வழக்கம். பல வீடுகளில் தறியும் அங்கேதான். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே எழும்பிப் போகாமல் தரையோடு தவழ்ந்து, பள்ளமான இடத்தில் போய்த் தேங்கும். குழித்தறி இருக்கிற வீட்டில் நெசவாளி கால் வைத்து உட்காரும் அந்தக் குழிதான் வீட்டிலேயே பள்ளமான இடம்.

டியூப்பில் சொட்டுச் சொட்டாகக் கசிவது இரவு முழுக்கத் தெரியாமலே போகலாம். காலையில் விளக்கு ஏற்றும்போதோ, அடுப்புப் பற்றவைக்கும்போதோ, சுவிட்ச் போடும்போதோ ஒரு பொறி போதும். பட்டு, ஜரிகை, பாதி நெய்த சேலை எல்லாம் அந்த அறையில்தான் இருக்கும். அந்தச் சரக்கு பெரும்பாலும் மாஸ்டருடையது அல்லது சங்கத்துடையது. கைவிட்டுப்போனால் கடன்தான்.

ஆகவே பெட்ரோல் வாடை வரும் வண்டியை வீட்டுக்குள் ஏற்றவே கூடாது. எந்த வண்டியானாலும் இரவில் பெட்ரோல் டேப்பை மூடிவிட வேண்டும். தப்பித்தவறித் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது, பெட்ரோல் அதன்மேல் மிதந்து பரவும். மணலைக் கொட்டுங்கள், அல்லது நனைத்த சாக்கைப் போட்டு மூடுங்கள்.

கார்புரேட்டர் வண்டி: நாமே என்ன செய்யலாம்?

இந்த வேலையை வெட்டவெளியில், இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு, சாவியை எடுத்துவிட்டுச் செய்யுங்கள். பக்கத்தில் பீடி, சிகரெட், விளக்கு எதுவும் கூடாது.

முதலில் பாருங்கள். டியூப்பை விரலால் வளைத்தால் முனையில் மெல்லிய விரிசல் தெரிகிறதா? பிசுபிசுப்பாக, கொழகொழவென்று இருக்கிறதா? கிளிப்பைச் சுற்றி ஈரமோ கறையோ இருக்கிறதா? இதில் ஒன்று இருந்தாலும் மாற்றும் நேரம் வந்துவிட்டது. ஆனால், பெட்ரோல் சொட்டுவது கார்புரேட்டருக்கு அடியில் இருக்கும் ஓவர்ஃபுளோ குழாயில் இருந்து என்றால் கோளாறு டியூப்பில் இல்லை. மிதவையும் ஊசியும் சரியாக மூடவில்லை என்று அர்த்தம். அது மெக்கானிக் வேலை.

டியூப் இன்னும் மிருதுவாக இருந்து, முனை மட்டும் தளர்ந்திருந்தால், அரை அங்குலம் வெட்டிவிட்டு மறுபடி மாட்டலாம். நீளம் போதுமானதாக இருக்க வேண்டும். இழுத்துப் பிடித்து மாட்டிய டியூப் நிற்காது. இதுவும் வீடு போய்ச் சேருவதற்கான வழிதான், நிரந்தரத் தீர்வு இல்லை.

புது டியூப் வாங்கும்போது அதே உள்விட்டம், அதே நீளம் பார்த்து வாங்குங்கள். கொத்தனார் மட்டம் பார்க்கும் கண்ணாடி டியூப்பை வெட்டி மாட்டுவது ஆபத்து. பெட்ரோலில் அது சில நாளில் கல் மாதிரி இறுகி, கழன்றுவிடும். பெட்ரோலுக்கென்றே வரும் ரப்பர் டியூப்பைக் கேளுங்கள். சில டியூப்களின் மேல் 30ஆர்7, 30ஆர்9 என்று அச்சிட்டிருக்கும். 30ஆர்9 வகையில் எத்தனாலை நன்றாகத் தாங்கும் ஃபுளோரோ ரப்பர் உள்ளே இருக்கும். கொஞ்சம் விலை கூடினாலும் அது நல்லது.

டேப்பை மூடி, பழைய டியூப்பில் மிச்சமிருக்கும் பெட்ரோலை ஒரு டப்பாவில் பிடித்துக்கொள்ளுங்கள். கிளிப்பைப் புதிதாகப் போடுங்கள். கட்டுக்கம்பியை முறுக்கிக் கட்டினால் அது ரப்பரை அறுத்துவிடும். குழாய் முனையில் ஒரு மேடு இருக்கும். அந்த மேட்டைத் தாண்டி டியூப்பை ஏற்றி, அதற்குப் பின்னால் கிளிப் உட்கார வேண்டும். டியூப் சைலன்சரிலோ இன்ஜினிலோ படக் கூடாது, எங்கும் மடங்கக் கூடாது. ஃபில்டரையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள்.

பிறகு டேப்பைத் திறந்து, ஐந்து நிமிடம் காத்திருந்து, இரண்டு முனையையும் காய்ந்த துணியால் துடைத்துப் பாருங்கள். ஈரம் இல்லை என்றால் மட்டும் ஸ்டார்ட் செய்யுங்கள். மறுநாளும் ஒருமுறை பாருங்கள். டேப் வாஷர், டேங்க் மூடி ரப்பர், கார்புரேட்டர் கிண்ணத்தின் கேஸ்கெட் ஆகியவையும் ரப்பர்தான் என்பதை மறக்க வேண்டாம்.

பிஎஸ்6 வண்டி என்றால்?

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்6 வண்டிகளில் பெரும்பாலானவை ஃபியூயல் இன்ஜெக்‌ஷன். டேங்க்குக்குள் இருக்கும் பம்ப் சுமார் 3 பார் அழுத்தத்தில் பெட்ரோலைத் தள்ளும். டயரில் நாம் அடிக்கும் காற்றே சுமார் 2 பார்தான். இந்த லைனில் ஓட்டை விழுந்தால் சொட்டாது, பீய்ச்சி அடிக்கும். சாவியை எடுத்த பிறகும் உள்ளே அழுத்தம் இருக்கும். எனவே இதில் சாதா டியூப்பை வெட்டி மாட்டும் வேலையே வேண்டாம். அந்த மாடலுக்கு உரிய டியூப்பை, இன்ஜெக்‌ஷன் வேலை தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்தே மாற்றுங்கள்.

செலவு யாருடையது?

கார்புரேட்டர் வண்டிக்கு டியூப்பும் கிளிப்பும் பெரிய செலவு இல்லை. மைலேஜையும் சேர்த்துப் பாருங்கள். பழைய டூவீலர்களில் இ20-ஆல் 3 முதல் 4 சதவீதம் மைலேஜ் குறையலாம் என்று 2021-ல் வெளியான நிதி ஆயோக் அறிக்கையே மதிப்பிட்டது. லிட்டருக்கு 60 கிலோமீட்டர் கொடுத்த வண்டி 58-க்கு இறங்கும். மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டி, பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்தால், மாதம் சுமார் 57 ரூபாய், வருடத்துக்கு ஏறக்குறைய 690 ரூபாய்.

மறுபக்கமும் உண்டு. 2014-15-ல் இருந்து 2025 ஜூலை வரை எத்தனால் கலப்பால் 1.44 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் அன்னியச் செலாவணி மிச்சமானதாக அமைச்சகம் சொல்கிறது. கரும்பு, மக்காச்சோள விவசாயிகளுக்குச் சந்தை கிடைத்திருக்கிறது. அப்படியானால் பெட்ரோல் விலை ஏன் குறையவில்லை? எத்தனாலின் சராசரி கொள்முதல் விலையே லிட்டருக்கு 71.32 ரூபாய்க்கு வந்துவிட்டது என்பது அமைச்சகத்தின் பதில். லாபம் நாட்டுக் கணக்கில் ஏறுகிறது, செலவு வண்டிக்காரர் கணக்கில் ஏறுகிறது.

வேறு வழி இருந்ததா?

இருந்தது. பழைய வண்டிகளுக்காக இ10 பெட்ரோலும் தொடர்ந்து கிடைக்க வேண்டும் என்று அதே நிதி ஆயோக் அறிக்கை பரிந்துரைத்தது. எத்தனால் கலக்காத பெட்ரோலும் கிடைக்க வேண்டும், பங்க்கில் கலப்பு அளவை எழுதிவைக்க வேண்டும் என்று கேட்ட பொதுநல மனுவை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1-ம் தேதி தள்ளுபடி செய்தது.

அமெரிக்காவில் 15 சதவீத எத்தனால் பெட்ரோலை மோட்டார் சைக்கிளில் போட அனுமதியே இல்லை. அந்த பம்ப்பிலேயே அதைச் சொல்லும் எச்சரிக்கை ஒட்டியிருக்கும். பிரேசில் 20 சதவீதத்தைத் தாண்டிப் போன நாடுதான். ஆனால் 1975-ல் தொடங்கி, வண்டிகளையும் கூடவே மாற்றிக்கொண்டு பல பத்தாண்டுகளில் அங்கே போனது.

இங்கே கொள்கையைத் திருப்ப வேண்டும் என்பதில்லை. எந்த மாடலில் எந்த ரப்பர் பாகத்தை மாற்ற வேண்டும் என்ற பட்டியலைத் தமிழில் பங்க்கிலும் மெக்கானிக் கடையிலும் ஒட்டலாம். பழைய மாடல்களுக்கு எத்தனால் தாங்கும் டியூப், வாஷர், கேஸ்கெட் அடங்கிய செட்டைக் குறைந்த விலையில் கொடுக்கும்படி நிறுவனங்களிடம் அரசு கேட்கலாம். அதுவரை, அடுத்த முறை ஆயில் மாற்றும்போது அந்த டியூப்பையும் கிளிப்பையும் ஒருமுறை விரலால் தொட்டுப் பார்த்துவிடுங்கள்.