மொழி ஒன்றாயின் உறவும் ஒன்றாகுமா?

பொதுப் பண்பாடு மதங்கடந்து மக்களை இணைக்கும் என்பது தமிழ் மேடைகளில் நெடுங்காலமாக ஒலித்துவரும் கூற்று. ஈழத்துத் தமிழ்-முஸ்லிம் உறவு பேசப்படும்போதெல்லாம் உமறுப்புலவர் நினைவுகூரப்படுவார், சீறாப்புராணத்தில் அரபு நாடு தமிழ் நிலத்தின் வளத்தோடு வருணிக்கப்பட்டமை வியக்கப்படும், கூட்டம் கலையும். “முஸ்லிம்கள் தமிழுக்கு ஆற்றிய தொண்டு” என்பது அக்கூட்டங்களின் வழக்கமான தலைப்பு. தாய்மொழியில் எழுதுபவன் யாருக்குத் தொண்டு செய்கின்றான்? தமிழை ஒரு சாரார் தம் வீடாகவும் மற்றையோரை அவ்வீட்டுக்கு உதவ வந்தோராகவும் கருதும் மனப்பாங்கே இத்தலைப்பினுள் உறைந்துள்ளது.

கண்டியைச் சேர்ந்த சித்திலெப்பை 1882 இல் ‘முஸ்லிம் நேசன்’ இதழைத் தொடங்கினார். 1885 இல் தமிழின் மிக முற்பட்ட நாவல்களுள் ஒன்றான ‘அசன்பே சரித்திர’த்தை வெளியிட்டார். அதே 1885 இல் சட்ட நிரூபண சபையில் பொன்னம்பலம் இராமநாதன், இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே என வாதித்தார். 1888 இல் அவ்வாதம் ஆய்வுக்கட்டுரையாகவும் வெளிவந்தது. மொழியும் வழக்காறுகளும் அதற்குச் சான்றாயின. அச்சான்றுகள் பல மறுக்கவியலாதவை. ஆயினும் அவை எப்பொழுது, எதன்பொருட்டு எடுத்துரைக்கப்பட்டன என்பதை நோக்குதல் வேண்டும். சோனகர்க்குச் சபையில் தனிப் பிரதிநிதித்துவம் வேண்டுமா என்ற வினா எழுந்திருந்த காலம் அது. “நீரும் நாமும் ஒன்றே” என்னும் சொல், “உமக்கெனத் தனி இடம் எதற்கு?” என்னும் பொருளைச் சுமந்து வந்தது. 1889 இல் முஸ்லிம்களுக்குத் தனி உறுப்பினர் நியமிக்கப்பட்டார். ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் 1907 இல் இராமநாதனுக்கு விரிவான மறுப்பு வெளியிட்டார். முஸ்லிம்கள் தாக்கப்பட்ட 1915 ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின், கைதான சிங்களத் தலைவர்களுக்காக இராமநாதன் இலண்டன்வரை சென்று வாதாடினார். இராணுவச் சட்டத்தின் கொடுமையை அவர் எதிர்த்தது நியாயமே. எனினும், தமிழரென அவர் உரிமை கொண்டாடிய மக்களின் இழப்பு அவர் குரலில் அந்த அளவிற்கு ஒலிக்கவில்லை என முஸ்லிம்கள் கருதியதிலும் நியாயமுண்டு.

மேடையை விட்டுக் கிழக்கிலங்கை வயல்களுக்குச் செல்வோர் வேறொரு காட்சியைக் காண்பர். அக்கரைப்பற்று முதலிய ஊர்களில் தமிழர், முஸ்லிம்கள் ஆகிய இருசாராரிடமும் தாய்வழிக் குடிமுறை உண்டு. குடி தாய்வழி வரும். ஒரே குடிக்குள் மணவினை கூடாது. மகளுக்கு வீடு சீதனமாகும். மணமகன் அவ்வீடு வந்து வாழ்வான். கோயிலில் குடியின் சார்பாக வண்ணக்கர் நிற்பார். பள்ளிவாசலில் மரைக்காயர் நிற்பார். நிலவுடைமையாளர் இருசாராரிடையேயும் போடியாரே. இங்கு எவரும் எவருக்கும் தொண்டாற்றவில்லை. ஒரே வழக்காற்றைத் தத்தம் வழிபாட்டிடத்துக்கு ஏற்ப இருசாராரும் தமதாக்கிக் கொண்டனர். முஸ்லிமைத் தமிழரென்று பெயர்மாற்ற வேண்டிய தேவை அங்கு எழவேயில்லை.

அக்குடிமுறை இரத்தக்களரியைத் தடுத்ததா என வினவலாம். தடுக்கவில்லை. 1990 ஆகஸ்டு 3 இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தோர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதே மாதத்தில் வீரமுனையில் தஞ்சம் புகுந்திருந்த தமிழரும் கொல்லப்பட்டனர். அருகருகே வாழும் வாழ்வு ஆயுதத்தைத் தடுக்கும் அரணன்று. அதற்கு அரசியற் சமத்துவம் வேண்டும். பண்பாட்டைப் புகழ்வோர் பெரும்பாலும் பேசத் தயங்குவது இதனையே.

1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாணத்திலிருந்து 70,000 க்கும் மேற்பட்ட முஸ்லிம்களை வெளியேற்றினர். யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களுக்குக் கிடைத்த அவகாசம் சில மணித்தியாலங்களே. கட்டளை தமிழிலேயே பிறப்பிக்கப்பட்டது. கேட்டோர்க்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை. அவர்களுட் பலர் புத்தளத்தில் ஒரு தலைமுறைக்கு மேல் வாழ்ந்துவிட்டனர். 2009 இன் பின் திரும்பியோர் இடிந்த வீடுகளையும் காணிச் சிக்கல்களையுமே எதிர்கொண்டனர். தமிழ் விழாக்களில் உமறுப்புலவருக்கு மாலை சூட்டுவோர், சோனகத் தெருவில் தன் வீட்டின் உறுதியைத் தேடி அலைபவருக்காக எந்த அலுவலகப் படியில் ஏறினர், எந்த மனுவில் ஒப்பமிட்டனர் என்பதைச் சொல்லட்டும்.