தோணியும் பாலமும்

ரசத்தின் மேல் மிதக்கும் நெய்யை எத்தனை முறை கலக்கினாலும் அது மறுபடி மேலே வந்து வட்டம் வட்டமாக நிற்கும். நீரும் கொழுப்பும் ஒட்டாது என்ற இந்தச் சமையலறைச் சங்கதிதான் நம் உடலின் ஒவ்வொரு செல்லுக்கும் ஆதாரம். அதன் பெரிய தலைவலியும் அதுவே.

செல்லைச் சுற்றியுள்ள சவ்வும், உள்ளே இருக்கும் பலவகை அறைகளின் சுவர்களும் கொழுப்பு மூலக்கூறுகளை இரண்டு வரிசையாக அடுக்கிக் கட்டியவை. கனம் ஏறக்குறைய 4 அல்லது 5 நானோமீட்டர். (ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறு போட்டால் அதில் ஒரு கூறு, ஒரு நானோமீட்டர்.) இந்தக் கொழுப்பில் பெரும்பகுதி தயாராவது ஒரே இடத்தில்: எண்டோபிளாஸ்மிக் ரெடிகுலம் என்று வாயில் நுழையாத பெயர் கொண்ட உட்சவ்வு வலையில். மற்ற அறைகளுக்குச் சரக்கு அங்கிருந்துதான் போக வேண்டும். வழியில் இருப்பதோ நீர்.

கொழுப்பு என்று எழுதும்போது எனக்குச் சற்றுத் தயக்கம். தமிழில் அது திமிரையும் குறிக்கும். ரத்தப் பரிசோதனைச் சீட்டில் வரும் வில்லனையும் குறிக்கும். விஞ்ஞானிகள் லிப்பிட் என்பது இன்னும் பெரிய குடும்பம். சுவர் கட்டுவது, செய்தி சொல்வது, கொலஸ்ட்ரால் எல்லாம் அதில் அடக்கம். வேறு நல்ல சொல் அமையாததால் கொழுப்பு என்றே வைத்துக்கொள்வோம்.

சரக்கு எப்படிப் போகிறது என்பதற்கு நீண்டகாலம் சொல்லப்பட்ட பதில், குமிழ்கள். ஒரு சவ்விலிருந்து சிறு குமிழ் மொட்டுப்போலக் கிளம்பிப் போய் இன்னொரு சவ்வோடு கலந்துவிடும். உண்மைதான். இந்தப் போக்குவரத்தைத் துலக்கியதற்காக ஜேம்ஸ் ராத்மன், ராண்டி ஷெக்மன், தாமஸ் சூடோஃப் மூவருக்கும் 2013ல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் செல்லுக்குச் சக்தி தயாரித்துத் தரும் மைட்டோகாண்ட்ரியா இந்தக் குமிழ்ப் பாதையில் இல்லை. பஸ் போகாத ஊருக்குச் சாமான் போவது எப்படி?

முதல் துப்பு 1968லேயே கிடைத்தது. விர்ட்ஸ், சில்வர்ஸ்மித் என்ற இரு விஞ்ஞானிகள் எலி ஈரலின் மைட்டோகாண்ட்ரியாவையும் உட்சவ்வுத் துணுக்குகளையும் பிரித்தெடுத்துக் குழாயில் ஒன்றாக வைத்தார்கள். செல்லின் சாற்றையும் சேர்த்தபோது கொழுப்பு விறுவிறுவென்று இடம் மாறியது. சாற்றில் இருந்த புரதம்தான் சுமை தூக்கியிருக்கிறது. நோபல் வெளிச்சம் பட்ட குமிழ்களின் பக்கத்தில் இந்தச் சுமைதூக்கிகள் வெகுநாள் ஓரமாகவே நின்றிருந்தன.

புரதம் செய்யும் தந்திரம் எளிமையானது. வெளிப்புறம் நீரோடு ஒத்துப்போகும். உள்ளே எண்ணெய்ப் பசையுள்ள ஒரு குழி. கொழுப்பு மூலக்கூறு ஒன்றை அந்தக் குழியில் ஏற்றிக்கொண்டு அக்கரையில் இறக்கிவிடும். தோணிதான். 2003ல் ஜப்பானில் கென்டாரோ ஹனாடா குழுவினர் கண்டுபிடித்த செர்ட் என்ற புரதத்துக்கு இரண்டு கைகள்: ஒன்று உட்சவ்வு வலையைப் பிடிக்கும், மற்றொன்று கோல்கி என்ற அறையைப் பிடிக்கும். இரண்டுக்கும் நடுவே சுமை. சவ்வுகளுக்கு இடையே 10 முதல் 30 நானோமீட்டர் மட்டுமே இடைவெளி உள்ள இடங்களில்தான் இந்த வேலை நடக்கிறது. ஆறு குறுகும் இடத்தில்தானே தோணித்துறை அமைப்பார்கள்!

தோணி நின்றுபோனால் என்ன ஆகும்? பழங்களை மொய்க்கும் சிறு ஈயின் கண்ணைக் கேட்க வேண்டும். அந்தக் கண்ணில் ஒளி படும்போது சவ்வில் உள்ள ஒருவகைக் கொழுப்பு உடைகிறது. அந்த உடைப்பே பார்வைக்கான மின் சைகையைக் கிளப்பிவிடுகிறது. உடைந்ததை ஈடுகட்டப் புதுச் சரக்கு வந்துகொண்டே இருக்க வேண்டும். கொண்டுவருவது ஆர்டிஜிபி என்ற புரதம். அது பழுதான ஈக்களின் கண் செல்கள் அழிந்துபோகின்றன. வெளிச்சத்தில் வளர்த்தால் அழிவு இன்னும் வேகம். பார்க்கப் பார்க்கவே பார்வை போகிறது. இந்தப் புரதம் ஒரு கொழுப்புத் தோணி என்பது 1993ல் தெரியவந்தது. பெங்களூருவில் தேசிய உயிர் அறிவியல் மையத்தில் ரகு படிஞ்ஞாட் குழுவினர் இதைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறார்கள். தோணியை அதன் துறையில் கட்டிவைக்கும் கயிறு விஏபி என்ற இன்னொரு புரதம் என்பதும் அவர்கள் காட்டியது.

ஈயின் கண்ணுக்கு அரசுப் பணமா என்று கேட்பவர்கள் உண்டு. அதே கயிற்றின் மனித வடிவம் ஒன்றில் ஏற்படும் பழுது, தசைகளை இயக்கும் நரம்புகளைச் சாகடிக்கும் ஒரு பரம்பரை நோய்க்குக் காரணம் என்று 2004ல் பிரேசில் நாட்டுக் குடும்பங்களை ஆராய்ந்தவர்கள் கண்டார்கள். ஈயை அலட்சியமாகப் பேசுவதற்கில்லை.

ஒவ்வொன்றாக ஏற்றி இறக்கும் தோணி மட்டும் போதாது. புதிதாக ஒரு சவ்வையே எழுப்ப வேண்டுமானால் மூட்டை மூட்டையாகச் சரக்கு வேண்டும். அதற்குப் பாலமே இருக்கிறது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் கேரின் ரைனிஷ், பியெத்ரோ டி கமிலி குழுவினர் 2018ல் விபிஎஸ்13 என்ற புரதக் குடும்பம் கொழுப்பைக் கடத்துகிறது என்று காட்டினார்கள். நீண்ட கழி போன்ற உருவம். அதன் நீளத்துக்கும் எண்ணெய்ப் பசையுள்ள வாய்க்கால். அதன் வழியே கொழுப்பு வழுக்கிக்கொண்டு போகிறது.

மனிதருக்கு இந்தப் பாலத்தில் நான்கு வகை. நான்கிலும் பழுதுக்கு ஒரு நோய் உண்டு. மூன்றாவது வகை கெட்டால் இளம் வயதிலேயே பார்கின்சன் வரலாம் என்பது 2016ல் தெரிந்தது. முதல் வகை கெட்டால் வருவது கொடுமை. பெரும்பாலும் இருபது, முப்பது வயதுகளில் கை கால்கள் தம் இஷ்டத்துக்குத் துள்ள ஆரம்பிக்கும். சாப்பிடும்போது நாக்கே உணவை வெளியே தள்ளும். உதட்டையும் நாக்கையும் நோயாளி தானே கடித்துக்கொள்வார். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் சிவப்பணுக்கள் பலவற்றில் முட்கள் முளைத்திருக்கும்.

இதே முட்களை ரத்த வங்கிக்காரர்கள் வேறொரு வழியில் முன்பே சந்தித்திருக்கிறார்கள். 1961ல் அமெரிக்காவில் ரத்தம் கொடுத்த ஒரு பல் மருத்துவ மாணவரின் சிவப்பணுக்கள் விசித்திரமாக இருந்தன. அவற்றில் இல்லாதது எக்ஸ்கே என்ற புரதம். அது இல்லாத ஆண்களுக்கு நடுத்தர வயதில் அதே போன்ற துள்ளல் நோய் வருகிறது. இரண்டு நோய்களும் ஏன் இப்படி ஒத்திருக்கின்றன என்பது பல காலம் புதிராக இருந்து, அண்மை ஆண்டுகளில்தான் விடை கிடைத்தது: பாலம் போய் முட்டும் இடத்தில் நிற்பதே எக்ஸ்கே. சவ்வின் ஒரு வரிசையில் வந்து குவியும் கொழுப்பை மறு வரிசைக்கும் பங்கிட்டுத் தருவது அதன் வேலை.

இரண்டுக்குமே இன்று இருப்பது துள்ளலைத் தணிக்கும் மருந்துகளும், வலிப்பு வந்தால் அதற்கான மருந்துகளும், சிலருக்கு மூளையில் மின்முனை பொருத்தும் சிகிச்சையும்தான். பாலத்தைச் சரிசெய்யும் மருந்து இன்னும் வரவில்லை.