டியூஷனுக்கு அனுப்பும் முன்பு, பிள்ளை வாசிப்பதைக் கேட்டீர்களா?

மாலை நான்கரைக்குப் பள்ளி வேன் தெருமுனையில் இறக்கிவிடுகிறது. ஐந்து மணிக்கு மக்தப், ஆறரைக்கு டியூஷன், எட்டு மணிக்குச் சாப்பாடு, தூக்கம். காட்டுப்பாக்கத்திலும் சுற்றுவட்டாரத்திலும் நம் வீடுகள் பலவற்றில் ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் நாள் இப்படித்தான் ஓடுகிறது. இவ்வளவுக்குப் பிறகும் "புள்ளைக்கு வாசிக்க வரலை ஹஜ்ரத்" என்று பெற்றோர் வந்து நிற்கிறார்கள்.

இது நம் வீட்டுக் குறை மட்டுமல்ல. பிரதம் அமைப்பின் 'அசர்' ஆய்வு 2022இல் தமிழகக் கிராமப்புறங்களில் கண்டது இது: மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தவர்கள் நூற்றுக்குச் சுமார் ஐந்து பேர். 2018லும் ஏறக்குறைய பத்துப் பேர்தான். எல்லாப் பழியையும் கொரோனா மேல் போட முடியாது. அது கிராமக் கணக்கு, காட்டுப்பாக்கம் அதில் வராது. அதற்காக, மெட்ரிக் பள்ளியில் ஃபீஸ் கட்டுவதாலேயே நம் பிள்ளை தப்பிவிட்டது என்று நம்பிவிடவும் முடியாது.

அரசு சும்மா இருக்கவில்லை. 2021 அக்டோபரில் தன்னார்வலர்களைக் கொண்டு 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கியது. 2022 ஜூனில் நம் திருவள்ளூர் மாவட்டத்து அழிஞ்சிவாக்கத்திலேயே 'எண்ணும் எழுத்தும்' திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கற்பிக்கும் ஏற்பாடு அது. வயதைப் பார்க்காமல், பிள்ளை எங்கே நிற்கிறது என்று பார்ப்பதே அதன் அடிப்படை.

இதை நம் மக்தப் நெடுங்காலமாகச் செய்துவருகிறது. காயிதா ஓதும் பிள்ளை தனியாக உஸ்தாத் முன் வந்து உட்கார்ந்து சபக் ஒப்பிக்க வேண்டும். எழுத்து சரியாக வராதவரை அடுத்த பாடம் கிடையாது. பள்ளியிலோ நாற்பது பேர் ஒரே குரலில் வாசிக்கிறார்கள். தெரியாத பிள்ளை அந்தச் சத்தத்தில் ஒளிந்துகொள்கிறது. டியூஷனில் வீட்டுப்பாடத்தை எழுதி முடிப்பதற்கே நேரம் போய்விடுகிறது. ஆக, நாள் முழுக்க அந்தப் பிள்ளை தனியாக வாசித்து இன்னொருவர் காது கொடுத்துக் கேட்பது நடப்பதே இல்லை. வீட்டில் செய்ய வேண்டியது அதைத்தான்.

வீட்டுப்பாடத்தைச் சொல்லவில்லை. ஒன்றாம், இரண்டாம் வகுப்புக்கு வீட்டுப்பாடமே கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018இல் உத்தரவிட்டது. அதே ஆண்டில் மத்திய அரசும் அப்படியே அறிவுறுத்தியது. ஆறு வயதுப் பிள்ளையை இரண்டு மணி நேரம் உட்கார வைத்து எழுதச் சொல்வதும், வராதபோது அடிப்பதும் பாடத்தின் மேல் வெறுப்பைத்தான் வளர்க்கும்.

அசர் ஆய்வில் வாசிப்பைச் சோதிக்கும் முறை எளிது: எழுத்து, சொல், நாலு வரிப் பத்தி, சிறு கதை. இந்த நான்கையும் காட்டி, பிள்ளை எங்கே தடுமாறுகிறதோ அங்கிருந்து தொடங்குங்கள். இருபது நிமிடம் போதும். மூன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தைக் கொடுப்பதில் வெட்கம் வேண்டாம். "எனக்கு இங்கிலீஷ் தெரியாதே" என்று ஒதுங்கும் தாய்மார்கள் தமிழில் கேட்கலாமே. வீட்டில் உருது பேசுகிறவர்கள், தமிழில் வாசித்த கதையை உருதுவில் சொல்லச் சொல்லலாம். பொருள் புரிந்ததா என்பது உடனே தெரிந்துவிடும். படிக்கத் தெரியாத நன்னிமாவுக்குக்கூட பேரன் திக்குவது காதில் விழும்.

நேரம் எங்கே என்பார்கள். நியாயமான கேள்விதான். ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் மக்தபை முக்கால் மணி நேரமாகக் குறைக்க மஹல்லா ஜமாஅத்கள் யோசிக்கலாம். இந்த வயதில் டியூஷனைப் பெரும்பாலும் நிறுத்தியே விடலாம். மிச்சமாகும் பணத்தில் மாதம் இரண்டு கதைப் புத்தகம் வரும். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் மார்க்கைக் கேட்கும் முன், "என் பிள்ளை பத்தி வாசிக்குதா, இன்னும் சொல்லிலேயே நிக்குதா டீச்சர்?" என்று கேட்டுப் பாருங்கள்.